எட்டுக்கு ஆறு கவர்

அன்பு மருமகளுக்கு,

ஆலங்குடியிலிருந்து அத்தை எழுதுவது. அண்ணன் கொடுத்தனுப்பிய கடலை மிட்டாய் வந்து சேர்ந்தது. பாகு பதம் நன்றாக வந்திருக்கிறது. பல்லில் ஒட்டவில்லை, கையில் எடுத்தால் உதிரவும் இல்லை. கடலையை மட்டும் இன்னும் கொஞ்சம் வறுத்திருக்கலாம். நடுவில் இரண்டு மூன்று பருப்பு பச்சை வாடை அடித்தது. புடைக்கும்போது தோலும் முழுதாகப் போகவில்லை. மற்றபடி இதை யாரிடமும் தைரியமாக நீட்டலாம். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையும் பலாவையும் சாய்த்துவிட்டுப் போன பிறகு, கீரமங்கலத்தில் நம் வீட்டுக் கொல்லையைப் பார்க்கவே எனக்கு மனம் வராமல் இருந்தது. இப்போது அதே கொல்லையில் அடுப்பு மூட்டி, நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு தொழிலை நிற்க வைத்திருக்கிறாய். உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

கவர் பற்றி நீ போனில் சொன்னதற்கு அன்றைக்கே பதில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

கவர் அடித்துத் தருகிறவர் சொன்னதாக நீ சொன்னது இது: பத்துக்கு ஏழு சென்டிமீட்டர் கவர் வேண்டாம், எட்டுக்கு ஆறு போதும். முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து நூறு சதுர சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டால் சத்து விவரம், சேர்மானப் பட்டியல் எதையும் அச்சடிக்க வேண்டியதில்லை. பரிசோதனைச் செலவு மிச்சம், எழுத்து குறைவதால் படம் பெரிதாகப் போடலாம்.

அவர் உன்னை ஏமாற்றவில்லை. கணக்கு சரிதான். எட்டை ஆறால் பெருக்கினால் 48, இரண்டு பக்கத்துக்கு 96. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் ஒழுங்குமுறையில், பொட்டலத்தின் மேற்பரப்பு நூறு சதுர சென்டிமீட்டருக்கு மேல் போகாவிட்டால், சேர்மானப் பட்டியலும் சத்து விவரமும் தொகுதி எண்ணும் உரிம எண்ணும் அதன்மேல் இருக்க வேண்டியதில்லை என்று விலக்கு உண்டு. முப்பது சதுர சென்டிமீட்டருக்கும் குறைவான சின்னஞ்சிறு பொட்டலமாக இருந்தால் தயாரித்த தேதியையும் எத்தனை நாள் தாங்கும் என்பதையும்கூட விட்டுவிடலாம். இந்த விவரமெல்லாம் அந்தப் பொட்டலங்களை மொத்தமாக அடைத்து அனுப்பும் பெரிய பெட்டியிலோ ஜாடியிலோ இருந்தாக வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

இந்த விதியை எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். புளிப்பு மிட்டாய்க் காகிதத்தில் பத்து வரி அச்சடித்தால் எறும்புக்குத்தான் படிக்க வரும். வேறு நாடுகளிலும் இந்தச் சலுகை ஏதாவது ஓர் அளவில் இருக்கிறது. ஐரோப்பாவில் பொட்டலத்தின் மிகப் பெரிய பக்கம் 25 சதுர சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் சத்து அட்டவணை கேட்பதில்லை. அமெரிக்காவில் 12 சதுர அங்குலம், நம் கணக்கில் ஏறக்குறைய 77 சதுர சென்டிமீட்டர். அங்கே கூடவே இரண்டு நிபந்தனைகள் உண்டு. சத்து பற்றிப் பெருமையாக ஒரு சொல் போட்டாலும் விலக்கு போய்விடும். வாங்குகிறவர் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு முகவரியோ தொலைபேசி எண்ணோ கவரிலேயே இருக்க வேண்டும். கேட்கிறவருக்குப் பதில் சொல்ல ஒரு வழி திறந்திருக்க வேண்டும் என்ற அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் ஊரில் அந்த வழி எங்கே அடைபடுகிறது என்று சொல்கிறேன். உன் மிட்டாய் எங்கே விற்கும்? ஐம்பது மிட்டாய் போட்ட ஜாடியாகப் பெட்டிக்கடைக்குப் போகும். எல்லா விவரமும் ஜாடியில் ஒட்டிய தாளில் இருக்கும். கடைக்காரர் ஜாடியின் பெயர் தெரியும் பக்கத்தைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைப்பார், விவரம் இருக்கும் பக்கம் அவர் வயிற்றைப் பார்த்து நிற்கும். ஜாடி காலியானதும் அதில் முறுக்கு நிரப்புவார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை ஐந்து ரூபாயை நீட்டி ஒன்று வாங்கும். ஜாடியை முழுதாக வாங்குகிறவர் கண்ணில் மட்டுமே படுகிற எழுத்து, ஒன்று மட்டும் வாங்குகிறவருக்கு இல்லாத எழுத்துதான். ஒவ்வொன்றாக வாங்குகிறவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் செலவழிக்கிறவர்கள், அவர்கள் பிள்ளைகள். பெரிய பாக்கெட்டாக வாங்க வசதி உள்ளவருக்குச் சத்து அட்டவணை கிடைக்கிறது, மற்றவருக்கு மிட்டாய் மட்டும் கிடைக்கிறது. விதி எழுதியவர் மனதில் இப்படி ஒரு பாகுபாடு இருந்திருக்காது. அவர் அளந்தது காகிதத்தை. ஆனால் பெட்டிக்கடை வாசலில் அது இப்படித்தான் முடிகிறது.

உன் அப்பத்தாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன், நீ அப்போது சின்னப் பிள்ளை. 1991-இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது நான் தொண்டராகச் சேர்ந்தேன். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் இருந்த காலம் அது. பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டு ஊர் ஊராகப் போனதை இன்றைக்கும் வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது அதைவிடச் சின்ன விஷயம். கல்லுடைத்துவிட்டு, நாற்று நட்டுவிட்டு வந்த பெண்கள் இரவு எட்டு மணிக்கு அரிக்கேன் வெளிச்சத்தில் முதல் எழுத்தைக் கூட்டிப் படித்ததும், மறுநாளே எதைப் படிக்கத் தேடினார்கள் தெரியுமா? பஸ் போர்டை, ரேஷன் கார்டை, மருந்துச் சீட்டை, தீப்பெட்டியை. கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் விரல் வைத்துப் படித்தார்கள். அந்தக் கூட்டத்தில் உன் அப்பத்தாவும் ஒருத்தி. 1992 ஆகஸ்டில் புதுக்கோட்டையை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவித்தபோது, தானும் ஒரு கணக்கில் சேர்ந்துவிட்டதாக அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

பல வருடம் கழித்து அவளுக்குச் சர்க்கரை வந்தது. ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து, பேரப்பிள்ளை தின்றுவிட்டுப் போட்ட கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் அதே மிட்டாய் இன்னொன்று பிரிக்காமல் இருந்தது. முன்பக்கம் ஒரு படம், பெயர். பின்பக்கம் ஆங்கிலத்தில் இரண்டு வரி, விலை. “இதுல சீனி எம்புட்டு இருக்குன்னு எங்கடி எழுதியிருக்கு?” என்றாள். நான் வாங்கிப் பார்த்தேன். எழுதியிருக்கவில்லை. அறுபது வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டவளிடம், எழுதவே இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தனக்குப் படிக்கத் தெரியவில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டாள். கவரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த முகம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. உன் கவரில் அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகக் கேட்பது அதனால்தான்.

அவளைப் போல் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நாடு முழுக்க எடுத்த ஆய்வு 2023-இல் வெளியானது. இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் உன் மிட்டாயை வாங்கும் கூட்டத்திலும் அவர்கள் இருப்பார்கள்.

நீ கேட்கலாம்: நம் ஊரில் லேபிள் பார்த்தா பண்டம் வாங்கினோம்? ஆதனக்கோட்டையில் தஞ்சாவூர் சாலையோரம் முந்திரி விற்கும் பெண்கள் எந்தக் கவரில் என்ன எழுதினார்கள்? நல்ல கேள்விதான். அவர்கள் நம் கண்முன்னேதான் கொட்டையை வறுக்கிறார்கள், உடைக்கிறார்கள். கை கறுத்திருப்பது தெரிகிறது. “நேத்து வறுத்ததா?” என்றால் “காலையில வறுத்தது, வாயில போட்டுப் பாருங்க” என்று ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அங்கே லேபிள் தேவையில்லை. விற்கிறவளே பதில் சொல்லிவிடுகிறாள். நீ மிட்டாயைக் கவரில் போட்டுச் சூடு வைத்து மூடியதும் உன் முகம் மறைந்துவிடுகிறது. அறந்தாங்கியிலோ திருச்சியிலோ யாரோ பிரிக்கும்போது நீ பக்கத்தில் இல்லை. நீ சொல்லியிருக்கக் கூடிய பதிலை உனக்குப் பதிலாகக் கவர்தான் சொல்லியாக வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். சத்துணவு அமைப்பாளராக இருந்த இத்தனை வருடமும் பருப்பை நிறுத்து, முட்டையை எண்ணிக் கணக்கு எழுதியவள் நான். உன் மிட்டாயையும் அப்படியே போட்டுப் பார்த்தேன். ஒன்று 20 கிராம். நீ சொன்ன அளவுப்படி அதில் கடலை 12 கிராம், வெல்லம் 8 கிராம் என்று வைத்துக்கொண்டேன். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வைத்துக் கூட்டினால், ஒரு மிட்டாயில் 90 கிலோகலோரிக்குப் பக்கத்தில் வருகிறது. புரதம் ஏறக்குறைய 3 கிராம், கொழுப்பு 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு, சர்க்கரை 7 கிராம் அளவில்.

அந்த 7 கிராமைப் பார்த்து மனம் சுருங்காதே. வெல்லமும் சேர்த்த சர்க்கரையில்தான் சேரும். வெல்லம் என்றால் சர்க்கரை இல்லை என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது, அதை நீ வளர்க்காதே. லேபிள் ஒழுங்குமுறை ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்குச் சேர்த்த சர்க்கரை 50 கிராம், கொழுப்பு 67 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம் என்று வரம்பு வைத்து, அதில் எத்தனை சதவீதம் என்று போடச் சொல்கிறது. உன் மிட்டாய் ஒன்று 14 சதவீதம். பிள்ளைகளுக்கு அந்த 50 கிராமே அதிகம். மூன்று மிட்டாய் தின்ற பிள்ளைக்கு 21 கிராம் போய்விடும். இது மறைக்க வேண்டிய கணக்கா? அதே வரிக்குப் பக்கத்தில் 3 கிராம் புரதமும் இருக்கிறதே. வெறும் சர்க்கரைப் பாகில் நிறம் கலந்து உருட்டிய மிட்டாயால் அந்த வரியைப் போட முடியாது. விவரம் எழுதாமல் இருப்பதால் லாபம் அதைச் செய்து விற்கிறவனுக்குத்தான். எழுதாத இரண்டு கவர் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும்போது உன் கடலையும் அவன் நிறமும் ஒன்று போலத் தெரியும்.

நான் வீட்டில் கூட்டிய கணக்கை அப்படியே அச்சடித்துவிடாதே. உன் பாகில் எவ்வளவு ஈரம் நிற்கிறது, கடலை எவ்வளவு எண்ணெய் கக்குகிறது என்பதெல்லாம் சோதனையில்தான் தெரியும். தஞ்சாவூரில் நிஃப்டெம் இருக்கிறது, முன்பு நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கிய நிறுவனம்தான் இன்று உணவுத் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. அங்கே உணவுப் பரிசோதனைக்கூடம் உண்டு, சிறு தொழில் தொடங்குகிறவர்களுக்கு ஆலோசனையும் சொல்கிறார்கள். காலை பஸ்ஸில் போனால் சாயங்காலம் திரும்பிவிடலாம். பரிசோதனைக்கு ஆகும் பணத்தில் பாதியை நான் தருகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே, இது உன் அப்பத்தாவுக்காக நான் செய்வது.

தொகுதி எண்ணும் வேண்டாமாம் என்று நீ சிரித்தாய். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. கடலையின் பெரிய எதிரி ஈரம். சரியாகக் காயாத கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வரும். அது ஈரலைத் தாக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. என்றைக்காவது ஒரு மூட்டையில் அப்படி வந்துவிட்டது என்று வை. கவரில் எண் இருந்தால், “இன்ன எண் போட்ட மிட்டாயை மட்டும் திருப்பி அனுப்புங்கள்” என்று கடைக்காரருக்குச் சொல்லலாம். எண் இல்லாவிட்டால் ஊரில் இருக்கும் எல்லா ஜாடியையும் திரும்ப வாங்க வேண்டும், அல்லது பேசாமல் இருந்துவிட வேண்டும். நீ பேசாமல் இருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். அப்படியானால் எண்ணைப் போட்டுவிடு. பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம், கையில் அழுத்தும் தேதி முத்திரை போதும். எந்த நாள் காய்ச்சிய பாகு, யாரிடம் வாங்கிய கடலை என்பதை ஒரு நோட்டில் அதே எண்ணுக்கு எதிரே எழுதி வை.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது விதி. வேறு மொழியைக் கூடுதலாகச் சேர்க்கத் தடை எதுவும் இல்லை. அதனால் தமிழ் போடுவது முழுக்க உன் விருப்பம். நான் தமிழைப் பெரிதாகவும் ஆங்கிலத்தை அளவாகவும் போடச் சொல்வேன். “டோட்டல் சுகர்” என்று தமிழ் எழுத்தில் எழுதிவிட்டுத் தமிழ் போட்டதாக நினைக்காதே. “சர்க்கரை 7 கிராம்” என்று போடு. கடலை ஒத்துக்கொள்ளாத உடம்பும் உண்டு, ஆகவே “நிலக்கடலை உள்ளது” என்று தனியாக ஒரு வரி.

இடம் எங்கே என்பாய். நீ அனுப்பிய மாதிரிப் படத்தை அடிக்கோலால் அளந்தேன். முன்பக்கம் 48 சதுர சென்டிமீட்டரில் முக்கால்வாசிக்குச் சிரிக்கும் குழந்தை படம். அந்தக் குழந்தை நம் ஊர்ப் பிள்ளையும் இல்லை. அதை எடுத்துவிடு. முன்பக்கம் பெயரும், எடையும், பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டமும் மட்டும் இருக்கட்டும். இந்த அளவுக் கவரில் அந்த வட்டம் மூன்று மில்லிமீட்டர் இருந்தாலே போதும். பின்பக்கம் முழுதும் எழுத்துக்கு விடு. “இயற்கையானது”, “வீட்டு முறை”, “பாரம்பரியம்” என்று நீ எழுதி வைத்திருந்த மூன்றையும் அடித்துவிட்டேன். அந்த மாதிரிச் சொற்களுக்கு 2018-ஆம் ஆண்டு விளம்பர ஒழுங்குமுறையில் வரம்புகள் இருக்கின்றன. அதைவிட, அந்தச் சொற்களால் வாங்குகிறவருக்குத் தெரிய வருவது ஒன்றும் இல்லை. கடலை 60 சதவீதம், வெல்லம் 40 சதவீதம் என்று போட்டால் தெரியும். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் ஊர்ப் பெயருக்கே ஒரு மரியாதை இருக்கிறது. நம் ஊருக்கு இன்னும் அப்படிப் பெயர் வரவில்லை. அதுவரை உன் கவரில் இருக்கும் எண்கள்தான் உன் பெயர்.

செலவைச் சொல்லி அண்ணன் தயங்குகிறான் என்று தெரியும். நாலு வண்ணத்தில் அடித்தால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனி சிலிண்டர், அதற்குப் பணம், அப்புறம் குறைந்தது இத்தனை கிலோ எடுத்தால்தான் அடிப்போம் என்பார்கள். முதல் ஆறு மாதம் அது எதற்கு? வெறும் கவர் வாங்கி ஒரே வண்ணத்தில் ஸ்டிக்கர் ஒட்டு. அளவு மாறினால், கடலை மாறினால், ஸ்டிக்கரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கியூஆர் கட்டம் போட்டுவிட்டால் எல்லா விவரமும் அதில் வந்துவிடும் என்று உன் தம்பி சொன்னானாம். போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஐந்து ரூபாயோடு வரும் பிள்ளையிடம் போன் ஏது? உன் தொலைபேசி எண்ணை ஒரு வரியாகப் போடு, யாராவது கூப்பிட்டுக் கேட்டால் நீயே பேசு.

எட்டுக்கு ஆறு கவரே இருக்கட்டும், அளவை மாற்றச் சொல்லவில்லை. சின்னக் கவர் என்றால் பிளாஸ்டிக்கும் குறைச்சல்தான். அதில் எழுதாமல் விடாதே என்பது மட்டும்தான் நான் கேட்பது.

ஸ்டிக்கர் கொடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய். ஒரு காகிதத்தை எட்டுக்கு ஆறாக வெட்டி, எல்லா வரியையும் நீயே கையால் எழுது. அதை உன் அம்மாவிடம் கண்ணாடி இல்லாமல் படிக்கக் கொடு. பக்கத்து வீட்டு ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடு. உன்னோடு பாகு காய்ச்சும் நாலு பேரில் மூத்தவள் அறிவொளியில் என்னிடம் படித்தவள், அவளிடமும் கொடு. யார் எந்த வரியில் தடுக்கி நிற்கிறார்கள் என்று குறித்து வை. நான் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அந்தத் தாளையும் ஒரு கிலோ வறுக்காத கடலையும் எடுத்து வை. இந்தத் தடவை வறுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அத்தை